சிரிப்பு நின்ற கடை

அத்தியாயம் பதினொன்று

செங்கல்பட்டுக் கடைத்தெருவில் ஒரு மருமகள் சிரிக்காமல் இருந்தால் அதை அவள் சொந்த விஷயம் என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். வெயில் தாழ்வதற்குள் ஆளுக்கொரு காரணம் தயாராகிவிடும். தமிழ்ச்செல்வி சிரிக்காமல் ஐந்து மாதம் ஆகிவிட்டது. காரணங்கள் நன்றாகவே முற்றிப்போயிருந்தன.

பிறந்தது பெண்பிள்ளை, அதனால்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்றார் எதிர்க்கடை வளையல்காரர். அண்ணன்காரன் சீரில் கையைச் சுருக்கிவிட்டான், அந்த அவமானம் என்றாள் பூக்காரி. மாமியார் சாரதாம்பாள் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை.

"திமிரு. வேற ஒண்ணும் கெடையாது" என்பது அவள் தீர்ப்பு. சாரதாம்பாள் பாத்திரக்கடையில் சொன்ன விலையை மாற்றினாலும் மாற்றுவாள், சொன்ன தீர்ப்பை மாற்ற மாட்டாள்.

சென்ற வாரம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடை நிறையக் கூட்டம். அவள் புருஷன் சரவணகுமார் பால் குக்கரின் விசிலை வாயில் வைத்து ஊதினான். "தாம்பரம் மார்க்கமாகப் போகும் அலுமினியச் சட்டிகள் ரெண்டாவது பிளாட்பாரம்! தாளிக்கிற கரண்டி கால் மணி நேரம் லேட்டு!" என்று ஸ்டேஷன் ஒலிபெருக்கிக் குரலில் அறிவித்தான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கல்லாவில் இருந்த தமிழ்ச்செல்வி மட்டும் சட்டென்று எழுந்து உள்ளே போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஊரையே சிரிக்க வைக்கிறவனுக்குப் பெண்டாட்டி எழுந்து போனால் எப்படி இருக்கும்? சரவணன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் சாரதாம்பாள் மதுராந்தகத்துக்குப் போன் போட்டாள்.

"துரை, உன் தங்கச்சிய கூட்டிகினு போய் கொஞ்ச நாள் வெச்சிக்கோ. மனசு சரியானதும் வரட்டும்."

வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் 'கொஞ்ச நாள்' என்ன என்று தெரியும். 'நாலு கடை சுத்திட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுப் படியிறங்கும் வாடிக்கையாளர் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

தமிழ்ச்செல்விக்கும் அது தெரிந்திருந்தது. துரை இன்று மத்தியானம் வண்டியோடு வருகிறான். அதற்குள் அவள் வாயைத் திறக்க வேண்டும். எதைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியும். எந்த வார்த்தையால் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

விஷயம் இதுதான். அன்று அவள் உள்ளே போனது புடவை மாற்ற.

குழந்தை பெரிய குழந்தை. ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். தையல் ஆறியது, காய்ச்சல் விட்டது, பால் சுரந்தது. ஆனால் தும்மினால், இருமினால், குடத்தைத் தூக்கினால், எல்லாவற்றையும்விட மோசமாக வாய்விட்டுச் சிரித்தால், அவளுக்குத் தெரியாமலே சிறுநீர் கசிந்தது. தும்மலை ஒரு பெண் எத்தனை நாள் அடக்க முடியும்? சிரிப்பை அடக்கலாம். அடக்கினாள். கூடவே தண்ணீரையும் நிறுத்தினாள். பிள்ளை பெற்றவளுக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது, தொண்டை நனைந்தால் போதும் என்று மாமியார் ஏற்கெனவே பாதியை நிறுத்தியிருந்தாள். மீதிப் பாதியை இவள் நிறுத்தினாள்.

போன வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி என்று சொல்லிவிட்டு நர்சிங் ஹோம் போனவள், ஊசி போட்ட கையோடு நர்சிடம் குசுகுசுவென்று கேட்டாள். நர்ஸ் அவளை அடுத்த அறைக்கு அனுப்பினாள். அங்கே பிசியோதெரபி பார்க்கும் சௌந்தரவல்லி மேடம் இருந்தார். படுக்க வைத்துப் பார்த்தார், இருமச் சொன்னார், நிறையக் கேள்வி கேட்டார்.

"வயித்துல என்னம்மா இது இவ்வளவு இறுக்கமா?"

"பழைய வேட்டி, மேடம். வயிறு போடக் கூடாதுன்னு அத்தை தெனமும் கட்டுவாங்க."

"வயித்தை இந்த இறுக்கு இறுக்கினா அந்த அழுத்தம் எல்லாம் எங்க போகும்? கீழதான் போகும். இடுப்புக்கு அடியில ஒரு தொட்டில் மாதிரி தசை இருக்கு. கர்ப்பப்பை, மூத்திரப்பை எல்லாத்தையும் அதுதான் தாங்குது. பிரசவத்துல அது நைஞ்சு போயிருக்கு. அதுக்கு மேல நீங்க தினமும் மூட்டை ஏத்துறீங்க."

"எனக்கு மட்டுந்தானா மேடம் இப்படி?"

சௌந்தரவல்லி கண்ணாடியைக் கழற்றினார். "காலையிலேருந்து நீ மூணாவது ஆள். மத்த ரெண்டு பேரும் இதையேதான் கேட்டாங்க."

பிறகு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். கூட்டத்தில் இருக்கும்போது வாயுவை அடக்குவோமே, அந்த இடத்தை உள்ளே மேலே இழுக்க வேண்டும். அப்படியே முன்பக்கத்தையும். மனதுக்குள் எண்ணிக்கொண்டே பிடித்து, மெதுவாக விட வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது, தொடையை இறுக்கக் கூடாது. தும்மலோ இருமலோ வருகிற மாதிரி இருந்தால் அதற்கு முன்னாலேயே இழுத்துக்கொள்ள வேண்டும்.

"தண்ணி நல்லா குடி. குடிக்காம இருந்தா மூத்திரப்பை இன்னும் எரிச்சல் படும், மலச்சிக்கல் வேற வரும். கனம் தூக்காதே. கட்டை அவிழ்த்துடு. மூணு நாலு மாசம் ஒழுங்கா செஞ்சா முக்கால்வாசிப் பேருக்கு நல்லாயிடும். கடையில உட்கார்ந்துகிட்டே செய்யலாம். யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாது என்று அவர் சொன்னதுதான் சரியில்லை. செங்கல்பட்டுக் கடைத்தெருவைப் பற்றி பிசியோதெரபிப் படிப்பில் பாடம் இல்லை போலிருக்கிறது.

இன்று காலை மாமல்லபுரத்திலிருந்து சந்திரம்மா வந்திருந்தாள். கல் சிற்பியின் மனைவி. மகளுக்குக் கல்யாணம், சீர்ப் பாத்திரம் வாங்க வந்தவள். அண்டா, தவலை, தாம்பாளம் எல்லாம் ஒருவாறு படிந்து, குத்துவிளக்கு ஜோடியில் வந்து பேரம் நின்றது. சாரதாம்பாள் ஒரு பக்கம் குக்கர் காட்டிக்கொண்டிருந்தாள். கல்லாவில் தமிழ்ச்செல்வி.

"ரெண்டாயிரத்து நூறுன்னா அநியாயம்மா. ஆயிரத்து ஐநூறு தரேன்" என்றாள் சந்திரம்மா.

அந்த நேரம் பார்த்துத் தமிழ்ச்செல்வி பயிற்சியில் இருந்தாள். உள்ளே இழுத்தாயிற்று, எண்ணிக்கொண்டிருக்கிறாள். புதிதாகச் சைக்கிள் பழகுகிறவளுக்கு மணியடிக்க வராது. அவளுக்கும் எண்ணிக்கொண்டே பேச வரவில்லை. சந்திரம்மாவை நேராகப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சரி, அறுநூறு."

விட்டாள். மூச்சு வாங்கினாள். ஓய்வுக்குப் பிறகு அடுத்ததை இழுத்தாள்.

"இன்னாம்மா இது, பேசவே மாட்டேன்ற? ஆயிரத்து எழுநூத்தி அம்பது. அதுக்கு மேல எங்கிட்ட கெடையாது."

தமிழ்ச்செல்வி எண்ணிக்கொண்டிருந்தாள். சந்திரம்மா கூட வந்த தங்கையைப் பார்த்தாள். தங்கை விளக்கைப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரரு முப்பது வருஷமா செல செதுக்குறாரு. அந்தச் செலைங்ககூட இதவிட கொஞ்சம் சிரிக்கும்மா!" என்று சந்திரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "யம்மா, இந்தா, ஆயிரத்து தொள்ளாயிரம். ஒரு தூண்டுகோலாவது சும்மா குடு."

தமிழ்ச்செல்வி விட்டாள். சரி என்று தலையை மட்டும் அசைத்தாள். சந்திரம்மா சொன்ன சிலை வேறு உள்ளுக்குள் குறுகுறுவென்றது. நல்லவேளை, இழுத்துப் பிடித்த பிடி கொஞ்சம் மிச்சம் இருந்தது.

சாரதாம்பாள் குக்கரை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். ஆயிரத்து எழுநூறுக்குத் தள்ளிவிடலாம் என்று அவளே கணக்குப் போட்டு வைத்திருந்த ஜோடி அது.

"எங்கடி கத்துகின இத?"

"எதை அத்தை?"

"வாயத் தொறக்காம விக்கிறத."

மருமகள் பதில் சொல்லவில்லை. அதுவும் அந்த வித்தையின் ஒரு பகுதி என்று சாரதாம்பாள் எடுத்துக்கொண்டாள். திமிர்தான், சந்தேகமில்லை. ஆனால் லாபம் தருகிற திமிர். மதுராந்தகத்துக்குப் போன் போட்டது கொஞ்சம் அவசரமோ என்று அவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது. தோன்றி என்ன? வாசலில் மினிவேன் வந்து நின்றது.

துரை நெல் வியாபாரி. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினால் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவான். மனிதர்கள் விஷயத்தில் அவ்வளவு தேர்ச்சி இல்லை. கடைக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த சோடாவைக் கீழே வைத்தான்.

"சொல்லுங்க அத்தை. எந்தங்கச்சி மேல இன்னா கொற?"

"கொறைன்னு நான் சொன்னேனா?"

"கொற இல்லாத சரக்க திருப்பி அனுப்புற கடைய நான் பாத்ததே இல்ல."

சாரதாம்பாள் மகனைப் பார்த்தாள். சரவணன் தரையைப் பார்த்தபடி பேசினான். கடையில் ஒரு நிமிஷம் சும்மா இருக்காதவன், வார்த்தையைத் தேடித் தேடி எடுத்தான்.

"அவளுக்கு எங்கூட இருக்கப் புடிக்கல மச்சான். நான் வாயத் தொறந்தா எழுந்து போயிடறா. கிட்ட வந்தா தள்ளிப் படுக்கறா. ஊரே சிரிக்குது, இவ மட்டும் என்னை ஒரு புழு மாதிரி பாக்கறா."

துரை தங்கையிடம் திரும்பினான். "செல்வி, புடிக்கலன்னா இப்பவே கெளம்பு, வண்டி நிக்குது. புடிச்சிருந்தா அதையாவது வாயத் தொறந்து சொல்லு."

அண்ணனிடம் சொல்லக்கூடிய வார்த்தைகளில் இதற்கு வார்த்தை இல்லை. தமிழ்ச்செல்வி தூளியில் தூங்கும் குழந்தையைப் பார்த்தாள். வெளியே வேன் டிரைவர் வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தான்.

"நீங்க கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள் கணவனிடம்.

உள்ளே என்றால் குடோன். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம். வைக்கோல் சுற்றிய பாத்திரக் கட்டுகளுக்கு நடுவே இரண்டு பேர் நிற்கத்தான் இடம்.

"அன்னிக்கு விசில் ஊதினீங்களே."

"ஆமா. நீ எழுந்து போனியே."

"பொடவ மாத்தப் போனேன்."

"எதுக்கு?"

"நீங்க சொன்னதுக்கு சிரிப்பு வந்துடுச்சு. அடக்கிப் பாத்தேன், முடியல. நனைஞ்சு போச்சு."

"இன்னா நனைஞ்சு போச்சு?"

ஒரு லோடு சரக்கின் விலையை ஒரே தடவை கேட்டுத் தலையில் வைத்துக்கொள்கிறவன்தான் சரவணன். இதை அவனுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை அவள் சுற்றி வளைக்கவில்லை. பிரசவம், ஆயுதம், தும்மல், சிரிப்பு, துணி, ராத்திரி தள்ளிப் படுப்பது, சௌந்தரவல்லி மேடம், பயிற்சி எல்லாவற்றையும் பாத்திரம் எடுத்து வைப்பது போல வரிசையாக வைத்தாள்.

சரவணன் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்தான்.

"அப்போ அந்த விசில் ஜோக்கு நல்லாத்தான் இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் கஷ்டம்."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் போகவும் போனது.

"இத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா செல்வி? நான் உன் புருஷன்தானே?"

"போன வருஷம் எனக்குப் பல்லு வலிச்சு கன்னம் வீங்குச்சே. கடைக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் இன்னா சொன்னீங்க?"

சொல்ல வேண்டியதில்லை. 'எங்க வூட்ல போண்டா சுடறதே இல்ல, கன்னத்துலயே வெச்சிருக்கா' என்று ஒரு வாரம் ஓட்டியவன் அவன்தான். தெருவே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"இத சொன்னா இதையும் வெச்சு நாலு பேரை சிரிக்க வெப்பீங்க. அதுக்கு அப்புறம் நான் கல்லாவுல உக்கார முடியுமா? தெருவுல நடக்கத்தான் முடியுமா?"

"சே, நான் எதுக்கு இத..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். சத்தியம் செய்ய வாய் வந்தது. தன் வாய்க்குத் தெருவில் என்ன மதிப்பு என்பது அவனுக்கே தெரியும்.

"அண்ணனோட போறதா இருந்தா உங்ககிட்ட இத சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் தமிழ்ச்செல்வி.

வெளியே துரை கனைப்பது கேட்டது.

"சரியாயிடுமா?"

"ஆயிடுமாம். மாசக்கணக்குல ஆவும். தெனம் செய்யணும். கனம் தூக்கக் கூடாது."

"அதுவரைக்கும் நான் ஜோக்கே சொல்லக் கூடாதா?"

"சொல்லுங்க. இத சொல்லக் கூடாது."

சரவணன் எழுந்து வேட்டியில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தான். துரையும் சாரதாம்பாளும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மச்சான், செல்வி இங்கயே இருக்கட்டும்."

"இருக்கட்டுமா? அஞ்சு மாசமா பேசாதவ, அங்க போய் இன்னா பேசுனா?"

கடைத்தெருவின் பெரிய வாய்க்காரன் வாயைத் திறந்தான். ஒரு பொய் சொல்லலாம். ஜாதகம், திசை, அம்மன் குறி என்று சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்தப் பொய்யைச் சொன்னாலும் துரை துருவுவான். துருவினால் அவள் பக்கம்தான் போய் நிற்கும்.

"தப்பு எம் பேர்ல" என்றான். "அந்த விசில் ஜோக்கு நல்லா இல்ல. யாருக்குமே சிரிப்பு வராது. அதுக்குப் போய் நான் கோவிச்சுக்கினேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்கு அவன் கொடுத்த விலை தகரத் தடுப்பின் ஓரம் நின்றிருந்த தமிழ்ச்செல்விக்கு மட்டும்தான் தெரியும்.

துரை அவனை ஏற இறங்கப் பார்த்தான். ஈரம் பார்க்கிற பார்வை. பிறகு சோடாவை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். "நல்ல குடும்பம்யா! ஜோக்கு நல்லா இல்லன்னு வண்டி எடுத்துகினு வர வெச்சிட்டீங்க. வெறும் வண்டியோட போனா வூட்ல எம் பொண்டாட்டி இன்னா கேப்பா?"

தங்கைக்குப் பதிலாக ஒரு பெரிய இட்லிக் குண்டானை ஏற்றிக்கொண்டு மினிவேன் மதுராந்தகம் போனது. அதற்கும் துரை பேரம் பேசினான்.

சாயங்காலம் கடை கட்டுகிற நேரம். சரவணன் வெளியே பலகைகளை எடுத்துக்கொண்டிருந்தான். சாரதாம்பாள் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கல்லாவில் வைத்தாள்.

"குடி."

தமிழ்ச்செல்வி சொம்பைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள்.

"இன்னா பாக்கற? அது தகரம்தானே, சொவுரு இல்லியே. நான் அதுக்குப் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். எனக்கும் காது கீது."

தமிழ்ச்செல்வி தண்ணீரைக் குடித்தாள். மாமியார் அவள் எதிரில் நின்றுகொண்டே இருந்தாள். கால் வலித்தாலும் உட்காரும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"நான் கட்டு கட்டனது தப்பா?"

"இறுக்கமா கட்டுனா கீழ அழுத்துமாம் அத்தை."

"எங்கம்மா எனக்கு இதவிட இறுக்கமா கட்டுச்சு. மூச்சே வாங்க முடியாது." சாரதாம்பாள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அந்த மேடம் சின்னப் பொண்ணுங்கள மட்டுந்தான் பாக்குமா? வயசானவங்கள பாக்குமா?"

"பாப்பாங்க. ஏன் அத்தை?"

"எனக்கு உன்ன மாதிரி தும்மலுக்கெல்லாம் வர்றது கெடையாது. இது வேற." குரலில் வெட்கமும் இல்லை, அழுகையும் இல்லை. பழுதான சரக்கைக் கம்பெனிக்காரனிடம் காட்டுகிறவள் போலச் சொன்னாள். "கர்ப்பப்பை எறங்கி கீது. நின்னா வெளிய வரும். துணிய வெச்சு கட்டிகினு ஓட்டிகினு கீறேன். உக்காந்தா உறுத்தும்."

"எத்தினி வருஷமா அத்தை?"

"சரவணனுக்கு இன்னா வயசு?"

முப்பத்திரண்டு வருஷமாக இந்தக் கடையில் நின்றபடியே பாத்திரம் விற்றவளைத்தான் தெரு முழுக்க 'இரும்பு மனுஷி' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு உங்களையும் கூட்டிகினு போறேன், அத்தை. அவரே ஆட்டோ வெச்சு..."

"அவங்கிட்ட சொல்லாத" என்றாள் சாரதாம்பாள் சட்டென்று. "பெத்த புள்ளகிட்ட இதச் சொல்லிட்டு நான் அவன் மூஞ்சில முழிக்கணுமா? சத்தியம் பண்ணு."

தமிழ்ச்செல்வி சத்தியம் பண்ணுவதற்குள் சரவணன் கடைக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஏம்மா, வாசல்ல அண்டா அப்படியே கீதே. எடுத்து வெக்கல?"

வாசலில் விளம்பரத்துக்காக வைத்திருக்கும் பெரிய பித்தளை அண்டா. அவன் அப்பா வாங்கி வைத்தது. வேறு யார் தூக்கினாலும் நசுங்கிவிடும் என்று கடை கட்டும்போது சாரதாம்பாளே தூக்கி உள்ளே வைப்பாள். மகனைக்கூடத் தொடவிட்டதில்லை.

சாரதாம்பாள் வாசலுக்கு நடந்தாள். குனிந்து அண்டாவின் விளிம்பைப் பிடித்தாள்.

"அத்தை, வேணாம்!" என்றாள் தமிழ்ச்செல்வி. கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

சாரதாம்பாளின் கை அண்டாவை விட்டது. நிமிர்ந்தாள். மகனைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ தூக்குடா."

சரவணன் தூக்கவில்லை. அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். இன்று காலையில் இப்படி ஒன்று நடந்திருந்தால் அதை வைத்தே ஒரு வாரம் தெருவைச் சிரிக்க வைத்திருப்பான்.

கையிலிருந்த பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, படியேறி அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அம்மா," என்றான் மெதுவாக. "உனக்கு இன்னா?"